சாம்பல் நிறத்தைத் தீர்மானிப்பது எது? ஃபிலிமிலும் டிஜிட்டலிலும் கறுப்பு வெள்ளை ஒளிப்படம்

எகிப்தியப் படையில் பொறியாளராகவும் நில அளவையாளராகவும் பணியாற்றிய முஹம்மத் ஸாதிக் பே 1861-இல் மதீனா மாநகரையும், 1880-இல் மக்கா மாநகரையும் ஒளிப்படக் கருவியில் பதிவு செய்தார். இவ்விரு புனித நகரங்களைக் குறித்து உலகம் அறிந்த மிகப் பழைய ஒளிப்படங்கள் இவருடையவையே. அப்படங்களைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். கட்டடங்களின் விளிம்புகள் தெளிவாகத் தெரிய, வானம் மட்டும் எதுவும் எழுதப்படாத தாளைப் போல் வெறுமையாக இருக்கும். ஹிஜாஸின் வானம் அன்று அவ்வாறுதான் இருந்தது என எவரேனும் முடிவு செய்வாராயின் அது பிழையாகும். அக்காலத்து ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடுகள் நீலம், ஊதா ஆகிய ஒளிகளையும் அவற்றுக்கு அப்பாலுள்ள புற ஊதாக் கதிரையும் மட்டுமே உணரவல்லவை. நீல வானும் வெண்முகிலும் அத்தகட்டுக்கு ஏறத்தாழ ஒன்றே. சிவப்போ அதற்குக் கறுப்பு. மஞ்சளும் பச்சையும் கறுப்பின் அண்டை வீட்டார். சிவப்புச் சால்வை போர்த்திய ஒருவரும் கறுப்புச் சால்வை போர்த்திய ஒருவரும் அத்தகைய கருவியின் முன் அருகருகே நின்றிருந்தால், இன்று நாம் காண்பது கறுப்புச் சால்வை போர்த்திய இருவரையே.

ஃபிலிம் சிறந்ததா, டிஜிட்டல் சிறந்ததா என்னும் வாதம் கால் நூற்றாண்டாக நடந்து வருகிறது. பெரும்பாலும் அவ்வாதம் கூர்மை, துகள், விலை என்பவற்றைச் சுற்றியே சுழல்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பொறுத்தவரை இவை இரண்டாம் நிலை வினாக்கள் என்பதே நம் கருத்து. உலகம் வண்ணமயமானது. அவ்வண்ணங்கள் ஒவ்வொன்றும் எந்த அளவு சாம்பலாக மாற வேண்டும் என்பதை யாரோ, அல்லது எதுவோ, எங்கோ ஓரிடத்தில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அத்தீர்மானம் எங்கே நிகழ்கிறது என்பதில்தான் இரு முறைகளும் பிரிகின்றன.

இத்தகைய கட்டுரையை இப்னுல் ஹைதமிலிருந்து தொடங்குவது மரபு. இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளி, எதிர்ச் சுவரில் கிரகண காலச் சூரியனின் வடிவத்தைத் தலைகீழாக வீழ்த்துவதை அவர் பதினோராம் நூற்றாண்டிலேயே முறையாக ஆராய்ந்தார். அப்பெருமை அவருக்குரியதே. எனினும் சுவரில் விழுந்த பிம்பத்தை அங்கேயே நிலைநிறுத்துவது அவருடைய வினா அன்று. நம் வினாவோ நிலைநிறுத்துவதைப் பற்றியது. ஆகவே நாம் வெள்ளி உப்பிலிருந்து தொடங்குகிறோம்.

ஃபிலிம் என்பது ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டையின் மேல் பூசப்பட்ட ஜெலட்டின் படலம். அதனுள் வெள்ளி ஹாலைடு எனும் உப்பின் நுண்படிகங்கள் சிதறிக் கிடக்கின்றன. லென்ஸின் வழியே ஒளி வந்து தாக்கியதும் ஒரு படிகத்தில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் உருவாகின்றன. இது கண்ணுக்குத் தெரியாத உருவம். டெவலப்பர் திரவத்தில் ஃபிலிமைக் கழுவும்போது, அச்சில அணுக்கள் இருக்கும் படிகம் முழுவதும் உலோக வெள்ளியாக மாறிக் கறுக்கிறது. ஒளிபடாத படிகங்கள் ஹைப்போவில் கரைந்து வெளியேறுகின்றன. எஞ்சுவது நெகடிவ். எங்கே ஒளி மிகுதியோ அங்கே கறுப்பு; எங்கே நிழலோ அங்கே தெளிவு. அதனை மீண்டும் காகிதத்தில் ஒளிபாய்ச்சிக் கழுவினால் உலகம் நேராகிறது. இருபது டிகிரி செல்சியஸில் செய்ய வேண்டிய வேலை இது. நம் ஊர்களின் கோடையில் குழாய் நீரே முப்பதைத் தாண்டும் என்பதால், பனிக்கட்டியை வாங்கி வைத்துக்கொண்டே ஸ்டூடியோக்காரர்கள் இருட்டறைக்குள் நுழைந்தார்கள்.

வெள்ளி உப்பு தன் இயல்பில் நீலத்தை மட்டுமே அறியும் என்றோம். 1873-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், சில சாயப் பொருள்களைக் கலந்தால் அது பச்சையையும் உணரத் தொடங்கும் எனக் கண்டறிந்தார். 1906-இல் சிவப்பு வரை எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. பின்னாளில் செய்தி ஒளிப்படத்தின் முதுகெலும்பாக விளங்கிய கோடாக் டிரை-எக்ஸ், 35 மி.மீ. சுருளாக 1954-இல் வெளியானது. அது இவ்வழியில் வந்ததே. ஆயினும் எல்லா நிறங்களையும் உணர்வது என்பது மனிதக் கண்ணைப் போலவே உணர்வது ஆகாது. ஒவ்வொரு ஃபிலிமுக்கும் தனி உணர்திறன் உண்டு. அது ஆலையில் ஜெலட்டினைக் கலக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஒளிப்படக்காரருக்கு எஞ்சிய உரிமை, லென்ஸின் முன் ஒரு கண்ணாடி வடிகட்டியைப் பொருத்துவதே. மஞ்சள் வடிகட்டி நீல வானைச் சற்றுக் கருக்கி முகிலை வெளிக்காட்டும். சிவப்பு வடிகட்டி அவ்வானைப் புயல்வானமாகவே ஆக்கிவிடும். அதையும் விசையை அழுத்துவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

வானத்தின் நிறம் பிழையானால் யாருக்கும் இழப்பில்லை எனலாம். மனித முகத்தின் நிறம் பிழையானால்? பழுப்பு நிறத் தோல் சிவப்பொளியை மிகுதியாகவும் நீல ஒளியைக் குறைவாகவும் திருப்பியனுப்பும். ஆதலின் நீலத்தை மட்டும் அறியும் தகட்டில் நம்மவர் முகங்கள் உள்ளதைவிடப் பன்மடங்கு கறுத்தே பதிந்தன. ஆங்கிலேய ஆட்சி 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ‘இந்தியாவின் மக்கள்’ போன்ற நூல்களில், இம்மண்ணின் இனங்களும் சாதிகளும் ஒளிப்படங்களால் வகைப்படுத்தப்பட்டன. அப்படங்களைப் பார்த்து ஒருவருடைய தோலின் நிறத்தைப் பற்றி எம்முடிவுக்கும் வர இயலாது. அங்கே நாம் காண்பதில் பாதி, தகட்டின் வேதியியல். அத்தொகுதிகளை இன்றும் மானிடவியல் சான்றாக எடுத்தாள்வோர் இதனைக் குறிப்பிடாமல் கடந்து செல்வது வியப்பளிக்கிறது.

ஃபிலிமின் தீர்ப்பு இவ்வாறு பிழையானதாக இருக்கலாம். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு. ஒரே தகட்டின் முன் நின்ற ஆளுநரும் கூலியாளும் ஒரே விதியின்படியே சாம்பலாயினர். எந்தத் தகடு, எந்த வடிகட்டி எனத் தெரிந்தால் அப்பிழையின் திசையை நூறாண்டுகளுக்குப் பின்னரும் நம்மால் கணித்துச் சொல்ல முடியும்.

இனி டிஜிட்டலுக்கு வருவோம். விந்தை யாதெனில், முதல் டிஜிட்டல் கேமராவே கறுப்பு வெள்ளைக் கேமராதான். கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இல் உருவாக்கிய அம்மாதிரிக் கருவி, நூற்றுக்கு நூறு என்னும் கணக்கில் பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட படத்தை ஒலிநாடா கேசட்டில் பதிவு செய்ய 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. சென்சாரின் ஒவ்வொரு கண்ணறையும் தன்மேல் விழும் ஒளியின் அளவை மட்டுமே எண்ணும்; நிறம் என்பதை அது அறியாது. அதாவது, சென்சார் பிறவியிலேயே கறுப்பு வெள்ளை. அதே நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற உத்திதான் அதற்கு வண்ணம் கற்பித்தது. கண்ணறைகளின் மேல் சதுரங்கப் பலகை போல் நுண்ணிய வண்ண வடிகட்டிகளைப் பதித்தார்: இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மனிதக் கண் பச்சையில் நுணுக்கம் மிகுதியாய்க் காண்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிறமே உண்மையில் அளக்கப்படுகிறது. ஏனைய இரண்டும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்பப்படுகின்றன.

ஆகவே இன்று ஒருவர் தம் கேமராவிலோ கைப்பேசியிலோ ‘கறுப்பு வெள்ளை’ எனத் தேர்ந்தெடுக்கும்போது நிகழ்வது இதுதான்: பிறவியில் நிறமறியாத சென்சாருக்கு வடிகட்டியால் நிறம் ஊட்டி, அந்நிறத்தைப் பின்னர் கணக்கால் நீக்குகிறார். பல மென்பொருள்கள் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு: சிவப்பில் 30 விழுக்காடு, பச்சையில் 59, நீலத்தில் 11. இது வண்ண ஒளிபரப்பு தொடங்கிய காலத்தில், வீடுகளிலிருந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் படம் ஒழுங்காகத் தெரிய வேண்டுமென வகுக்கப்பட்ட விகிதம். கண்ணின் இயல்புக்கு நெருக்கமானதுதான். எனினும் இக்கணக்கில் சம ஒளிர்வுள்ள சிவப்பு மலரும் பச்சை இலையும் ஒரே சாம்பலாகிப் பிரித்தறிய முடியாமல் போய்விடும். டிஜிட்டலில் எடுத்த கறுப்பு வெள்ளை உயிரற்றிருக்கிறது எனப் பலர் குறைகூறுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. குற்றம் சென்சாருடையதன்று, பொது விகிதத்தை அப்படியே ஏற்றுக்கொண்ட சோம்பலுடையது.

விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதே டிஜிட்டலின் பெரும் பேறு. கேமரா தரும் மூலக் கோப்பில், அதாவது ரா கோப்பில், மூன்று நிறங்களும் தனித்தனியே இருக்கின்றன. சிவப்பின் பங்கைக் கூட்டினால் தோல் வெளுத்து வானம் கறுக்கும்; நீலத்தின் பங்கைக் கூட்டினால் தோல் கறுத்து வானம் வெளுக்கும். ஸாதிக் பேயின் தகடு போலவும், சிவப்பு வடிகட்டியுடன் கூடிய டிரை-எக்ஸ் போலவும் ஒரே படத்தை, எடுத்த பத்தாண்டுகளுக்குப் பிறகுகூட ஆக்க முடியும். அளவு மீறினால் நீலப் பகுதியின் குறுணைக் குறைகளெல்லாம் பெருகி வெளிப்படும் என்பது மட்டுமே தடை.

பேறு எங்கே உண்டோ அங்கே பொறுப்பும் உண்டு. 1994 ஜூனில், கொலைக்குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தை இரு பெரும் வார இதழ்கள் அட்டையில் வெளியிட்டன. ‘நியூஸ்வீக்’ உள்ளபடி வெளியிட்டது. ‘டைம்’ இதழில் அவருடைய முகம் கருக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் கடைகளில் அருகருகே தொங்கியதால்தான் மக்கள் அதைக் கண்டுகொண்டனர். அது வண்ணப் படம். கறுப்பு வெள்ளையிலோ ஒப்பிட்டுப் பார்க்க நிறம்கூட மிஞ்சுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தகடு எல்லாப் பழுப்பு முகங்களையும் கருக்கியது. இன்றைய மென்பொருளில் ஒரு முகத்தை மட்டும் கருக்கவோ வெளுக்கவோ முடியும். முன்னது அறியாமை, பின்னது தேர்வு.

வண்ண வடிகட்டியே இல்லாத சென்சாரைக் கொண்ட கேமராக்களும் உண்டு. லைக்கா நிறுவனத்தின் எம் மோனோகுரோம் 2012-இல் வந்தது. 2023-இல் பென்டாக்ஸ் அத்தகைய ஒன்றை வெளியிட்டது. வடிகட்டி உறிஞ்சாமையால் ஒளி முழுவதும் கிட்டுகிறது. கணக்கிட்டு நிரப்பும் வேலையும் இல்லை. ஆகவே நுணுக்கம் மிகுதி. ஆனால் இவற்றை வாங்கியோர் மீண்டும் மஞ்சள், சிவப்புக் கண்ணாடிகளைத் தேடி லென்ஸின் முன் பொருத்த வேண்டியவராயினர். பின்னர் முடிவு செய்யும் உரிமையை விலைகொடுத்து இழந்து, முன்னரே முடிவு செய்யும் கடமையைப் பெற்றனர் எனலாம். கோடாக் நிறுவனம் கடன் தாளாமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியதும் அதே 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான்.

சாம்பலின் நிறமூலத்தை இதுவரை பார்த்தோம். அதன் அளவும் கவனத்துக்குரியது. 1890-இல் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்னும் இருவர் ஒளியின் அளவுக்கும் நெகடிவின் கறுமைக்குமுள்ள உறவை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினர். அக்கோடு அடியில் மெல்ல எழுந்து, நடுவில் நேராக ஏறி, உச்சியில் தோள்போல் வளைந்து தாழும். அத்தோள்தான் ஃபிலிமின் கருணை. ஒளி மிகுதியாகப் பாய்ந்தாலும் ஃபிலிம் சட்டென்று கைவிடுவதில்லை. வெள்ளாடையின் மடிப்புகள் மங்கினாலும் ஏதோ ஒரு சுவட்டை விட்டுவைக்கும். நிழலிலோ அது இரக்கமற்றது. போதிய ஒளி படாத படிகத்தில் எதுவுமில்லை, எத்திரவமும் அதை மீட்காது. டிஜிட்டல் இதற்கு நேர்மாறு. கண்ணறை ஒரு குவளை போன்றது. ஒளிக்கேற்ப நேர்விகிதத்தில் நிரம்பிக்கொண்டே வந்து, விளிம்பைத் தொட்டதும் முடிந்தது. அதற்குமேல் வந்த ஒளி அனைத்தும் வெறும் வெண்மை. நிழலிலிருந்தோ வியக்கத்தக்க அளவு விவரங்களை மீட்டெடுக்கலாம்.

எனவேதான் ஃபிலிமில் நிழலைப் பார்த்து ஒளியளவை முடிவு செய்தவர்கள், டிஜிட்டலில் வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யக் கற்க வேண்டியிருந்தது. பெருநாள் தொழுகைத் திடலை எண்ணிப் பாருங்கள்: நண்பகலை நெருங்கும் வெயில், ஆயிரக்கணக்கான வெண்ணிற ஆடைகள், ஓரத்தில் மரநிழல். ஃபிலிமை வைத்திருப்பவர் மரநிழலில் நிற்போரின் முகத்துக்கேற்ப ஒளியை அளந்து, வெண்மையை ஃபிலிமின் தோளிடம் ஒப்படைத்துவிடலாம். டிஜிட்டல் கருவி வைத்திருப்பவர் வெள்ளாடைக்கேற்ப அளந்து, நிழலைப் பின்னர் தூக்கிவிட வேண்டும். பழைய பழக்கத்தைப் புதிய கருவியில் கையாண்டால் வரிசை வரிசையாய் உருவமற்ற வெண்திட்டுகளே மிஞ்சும். மேலும், மூலக் கோப்பு 14 பிட் அளவினதாயின் 16,384 படிகள் கொண்டது. கேமரா தானே சுருக்கித் தரும் ஜே.பி.இ.ஜி. கோப்பில் கறுப்பு வெள்ளைக்குக் கிடைப்பது 256 சாம்பல் படிகள் மட்டுமே. வண்ணப் படத்தில் மூன்று நிறங்களின் சேர்க்கை இக்குறையை மறைக்கும். கறுப்பு வெள்ளையில் அது மறையாது. திருத்தும்போது வானத்தில் படிக்கட்டுகள் தோன்றும்.

துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபிலிமின் துகள் ஒழுங்கற்றுச் சிதறியது. சென்சாரின் புள்ளிகள் கட்டம் கட்டமானவை. கண் முன்னதை எளிதில் மன்னிக்கிறது. டிஜிட்டல் படத்துக்கு மென்பொருளால் ஃபிலிம் துகளைத் தூவும் வழக்கத்தைப் போலித்தனம் எனச் சிலர் பழிப்பர். அவ்வாறு பழிக்குமுன் ஒரு பெரும் கலைஞரின் செயலை ஆராய்வது நன்று.

பிரேசிலில் 1944-இல் பிறந்து, பொருளியலாளராகப் பணிதொடங்கி, ஒளிப்படக்காரராக மாறி, 2025 மே மாதத்தில் மறைந்தவர் செபாஸ்டியோ சல்காடோ. 1984-85-இல் ஆப்பிரிக்காவின் சாஹேல் வறட்சியையும், 1986-இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எறும்புகளாய் ஏறியிறங்கிய மனிதர்களையும், 1991-இல் எரியும் குவைத்தின் எண்ணெய்க் கிணறுகளையும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பதிவு செய்தவர். மனிதக் கை படாத நிலங்களைத் தேடி 2004-இல் ‘ஜெனிசிஸ்’ என்னும் நெடும்பணியைத் தொடங்கியபோதும், நடுத்தர அளவுக் கேமராவும் ஃபிலிம் சுருள்களும்தான் அவர் கையில் இருந்தன. 2001 செப்டம்பருக்குப் பின் விமான நிலையச் சோதனைகள் கடுமையாயின. ஒரே பயணத்தில் பலமுறை எக்ஸ்-கதிர்ப் பெட்டிக்குள் சென்று திரும்பும் ஃபிலிமின் சாம்பல் படிகள் பழுதாகத் தொடங்கின. 2008-இல் அவர் டிஜிட்டல் கேமராவுக்கு மாறினார்.

மாறிய விதம்தான் நமக்கு முக்கியம். கணினித் திரையில் படங்களைத் தேர்ந்தெடுக்க அவர் உடன்படவில்லை. டிஜிட்டல் கோப்புகளிலிருந்து ஃபிலிம் காலத்துக் காண்டாக்ட் ஷீட்டுகளைப் போன்று சிறு படங்களைத் தாளில் அச்சிடச் செய்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். டிரை-எக்ஸின் துகளையும் சாம்பல் வளைகோட்டையும் மென்பொருளால் கோப்பில் ஏற்றினார்கள். பின்னர் அக்கோப்பிலிருந்து நான்குக்கு ஐந்து அங்குல அளவில் உண்மையான ஃபிலிம் நெகடிவ் ஒன்று உருவாக்கப்பட்டது. அதனை இருட்டறையில் வைத்து வெள்ளிக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்தார்கள். ஒளி முதலில் எண்ணாகி, எண் மீண்டும் வெள்ளியாயிற்று.

இதைப் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிட முடியாது. முப்பதாண்டுகள் ஒரே சாம்பல் மொழியில் பேசியவர் அம்மொழியைக் கைவிடாமல் கருவியை மட்டும் மாற்றிக்கொண்டார். வேதியியல் முன்பு தாமாகச் செய்ததை, இப்போது அவர் அறிந்தே செய்ய வேண்டியிருந்தது. அதைவிட, அவருடைய கோப்பு எதிர்காலத்தில் எக்கணினியாலும் திறக்கப்படாமல் போனாலும் அந்த நெகடிவை ஒரு விளக்கின் முன் பிடித்தால் போதும்.

நெகடிவ் என்பது சான்று என்னும் எண்ணம் நம்மிடம் ஆழ வேரூன்றியது. அது முழுவதும் உண்மையன்று. வெற்று வானம் பிடிக்காமல் பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850-களிலேயே கடலுக்கு ஒரு நெகடிவும் முகிலுக்கு வேறொரு நெகடிவுமாக இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். இவர் பின்னாளில் எகிப்தில் குடியேறி 1884-இல் கெய்ரோவில் மறைந்தவர். ஆயினும் ஒன்றைக் கூறலாம். அச்சில் எத்தகைய மாற்றம் செய்யப்பட்டாலும், கருவியினுள் இருந்த நெகடிவ் ஒன்று எங்கோ ஒரு பெட்டியில் உண்மையைச் சுமந்து கிடந்தது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரைப் பின்னோக்கிச் சென்று ஆராய்வது போல, பிரிண்டிலிருந்து நெகடிவுக்குச் செல்ல ஒரு வழி இருந்தது. டிஜிட்டலில் அவ்விடத்தை வகிப்பது ரா கோப்பு. கறுப்பு வெள்ளைக்கோ அது இன்னும் கூடுதலாகச் சான்று பகர்கிறது, ஏனெனில் நீக்கப்பட்ட நிறம் அதில் அப்படியே இருக்கிறது.

2010-இல் உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் நடந்த நிகழ்ச்சி இதனை விளக்கும். கீவ் நகரின் தெருச்சண்டை பற்றிய ஒரு படத்தொடர் மூன்றாம் பரிசு பெற்றது. அதிலொரு படம் வண்ணத்தில் எடுக்கப்பட்டு, பெரும்பகுதி வெட்டப்பட்டு, துகள் ஏற்றி, ஓரங்கள் கருக்கிக் கறுப்பு வெள்ளையாக்கப்பட்டிருந்தது. மூலக் கோப்புடன் ஒப்பிட்ட நடுவர்கள் பின்னர் பரிசைத் திரும்பப் பெற்றனர். காரணம் நிறத்தை நீக்கியதன்று. படத்தின் ஓரத்தில் இருந்த யாரோ ஒருவருடைய பாதத்தின் சிறு பகுதியை அழித்ததே. படத்தின் அனைத்து நிறங்களையும் நீக்குவது அனுமதிக்கப்பட்டது. ஒரு பாதத்தை நீக்குவது தடுக்கப்பட்டது. முதல் நோக்கில் முரணாகத் தோன்றும் இத்தீர்ப்பு சரியானதென்றே கருதுகிறோம். கறுப்பு வெள்ளையைப் பார்ப்பவர் நிறம் நீங்கியிருப்பதை அறிந்தே பார்க்கிறார். பாதம் நீங்கியிருப்பதை அவர் அறிய வழியில்லை. அவ்வாறாயின், ஒரு முகத்தை மட்டும் கருக்குவது எப்பக்கம் சேரும்? பாதத்தின் பக்கமே. அப்போட்டியின் 2015-ஆம் ஆண்டுச் சுற்றில் இறுதிக்கு முந்திய நிலையை எட்டிய படங்களில் ஐந்தில் ஒரு பங்கு, மூலக் கோப்புகளைச் சரிபார்த்தபின் தள்ளப்பட்டது என்பதை நோக்க, நடுவர்களின் ஐயம் மிகையானதன்று.

ஃபிலிம், டிஜிட்டல் என்னும் இவ்வேறுபாடு ஃபிக்ஹ் உரையாடலிலும் எதிரொலித்திருப்பது நம் வாசகர்க்குப் புதிதன்று. 1914 முதல் சில ஆண்டுகள் எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ, ஒளிப்படம் என்பது புதிதாக ஓர் உருவைப் படைப்பதன்று, நிழலைத் தடுத்து நிறுத்துவதே என வாதிட்டு அதனை ஆகுமாக்கினார். டிஜிட்டல் வந்தபின் அறிஞர் சிலர், திரையில் தோன்றி மறையும் உருவம் அச்சிடப்படும்வரை நிலைபெற்ற உருவமாகாது என்றனர்; வேறு சிலர் அதை ஏற்கவில்லை. அவ்விவாதத்தில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் பணியன்று. ஆனால் பொறியாளர் கேட்கும் வினாவையே ஃபகீஹ்களும் கேட்டிருக்கிறார்கள் என்பது கவனத்துக்குரியது: உருவம் எங்கே இருக்கிறது? நெகடிவில் அது பொருளாக இருக்கிறது. கோப்பில் எண்வரிசையாக இருக்கிறது.

பொருளாக இருப்பது அழியும். அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து புளிக்காடி வாடை வீசும். ஜெலட்டினில் பூஞ்சை படரும். நம் கடற்கரை ஊர்களின் காற்று இவ்விரண்டையும் விரைவுபடுத்துகிறது. எண்ணாக இருப்பதைத் தேய்மானமின்றி எத்தனை பிரதியும் எடுக்கலாம்; ஆனால் எடுக்க வேண்டும். மறந்துபோன வன்தட்டு ஒன்று எவ்வித முன்னறிவிப்புமின்றி ஒரே நாளில் அனைத்தையும் கொண்டுபோய்விடும். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு ‘இண்டு’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் காகிதமும் தயாரித்த அரசு நிறுவனமாகிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இன்று இயங்கவில்லை. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு 2004-இல் நொடித்து, அடுத்த ஆண்டே அதன் அலுவலர்களால் மீட்கப்பட்டு, இன்றும் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தருகிறது. விலை மிகுதி, கழுவித் தரும் இடங்கள் அரிது.

எனவே வீடுகளில் எஞ்சியுள்ள பழம் படங்களை டிஜிட்டலில் பிரதியெடுப்பது தள்ளிப்போடத்தக்கதன்று. இதில் பலர் செய்யும் பிழை, படம் கறுப்பு வெள்ளைதானே எனக் கருதி ஸ்கேனரிலும் கறுப்பு வெள்ளையையே தேர்ந்தெடுப்பது. பிரிண்டை வண்ணத்திலேயே பிரதியெடுக்க வேண்டும். ஹைப்போவைச் சரியாகக் கழுவாததால் ஏற்பட்ட மஞ்சள் கறை சிவப்புப் பகுதியை மட்டும் எடுத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். ஸ்டூடியோக்காரர் முகத்தின் மேலேயே குத்திவிட்ட சிவப்பு மை முத்திரையும் அவ்வாறே. மாறாக, கறையின்றி வெறுமனே மங்கி மஞ்சள்பூத்த உருவமாயின், நீலப் பகுதியிலேயே அது அழுத்தமாகத் தெரியும். எப்பகுதி பொருந்தும் எனப் பார்த்து முடிவு செய்த பின்னும் வண்ணக் கோப்பை அழிக்காமல், இரு வேறு இடங்களில் வைப்பது நன்று. மூலப்படத்தை அமிலமற்ற காகித உறையிலிட்டு, வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை அலமாரியில் வைக்கலாம். பரண் வேண்டா, கூரையின் வெப்பம் அங்குதான் முதலில் இறங்குகிறது.